உரிமம் யார் பெயரில், வருவாய் யார் கையில்: கனடாவின் கரையோர மீன்பிடியில் உரிமை விதிகள்

கனடாவில் கடல் மீன்வளம் பொதுச்சொத்து. அதைப் பிடித்து விற்பதற்கான உரிமத்தை வழங்குவது, மீன்வளச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி, கூட்டரசின் மீன்வள அமைச்சருடைய முழு விருப்புரிமைக்கு உட்பட்டது. ஆயினும் ஒரே சட்டத்தின்கீழ், ஒரே துறையின் நிர்வாகத்தில், அந்நாட்டின் இரு கடற்கரைகளும் அரை நூற்றாண்டாக எதிரெதிர்த் திசைகளில் சென்றுள்ளன. அட்லாண்டிக் கரையோர மீன்பிடியில் உரிமம் பெற்றவரே படகேறித் தொழில் செய்ய வேண்டும். பசிபிக் கரையான பிரிட்டிஷ் கொலம்பியாவிலோ பெரும்பாலான மீன்பிடிகளில், கடலுக்கே போகாத முதலீட்டாளரும் உரிமம் வைத்திருக்கலாம். இதைச் சிறு மீனவருக்கும் பெருநிறுவனத்துக்கும் இடையிலான பழைய பிணக்காக மட்டும் காண்பது போதாது. உரிமம் எவர் பெயரில் இருக்கலாம் என்று வரையறுக்கும் விதி, அதன் பயனும் கட்டுப்பாடும் எவரிடம் உள்ளன என்பதைத் தொடாதவரை நோக்கம் நிறைவேறாது என்பதையும், அதைத் தொட்ட பிறகும் உரிமத்தின் விலை என்னும் சிக்கல் எஞ்சி நிற்கும் என்பதையும் இவ்விரு கரைகளின் வரலாறு காட்டுகிறது.

உரிமத்தின் சட்டத் தன்மையிலேயே ஒரு முரண் உண்டு. விதிப்படி அது அரசின் உடைமை, கைமாற்ற முடியாதது, வழக்கமாக ஓராண்டுக் காலம் செல்லுவது. நடைமுறையில், விற்பவர் வாங்குபவரிடம் பணத்தைப் பெற்றுக்கொண்டு, தம் உரிமத்தைத் துறந்து அதை இன்னாருக்கு ‘மறுவழங்கல்’ செய்யுமாறு துறையிடம் விண்ணப்பிக்கிறார். அந்த இன்னார் தகுதி உடையவராயின் துறையும் அவ்வாறே வழங்கிவிடுகிறது. பல லட்சம் டாலர் கைமாறியிருந்தாலும், சட்டத்தின் பார்வையில் அங்கே விற்பனை எதுவும் நடக்கவில்லை. இந்தப் பாவனை 2008இல் கனடா உச்ச நீதிமன்றத்தில் சோதனைக்கு உள்ளானது. நான்கு உரிமங்கள் வைத்திருந்து நொடித்துப்போன நோவா ஸ்கோஷியா மீனவர் ஒருவரின் வழக்கில், பிடித்த மீனின்மீது உரிமதாரருக்குக் கிடைக்கும் உடைமையையும் சேர்த்துப் பார்த்தால், திவால் சட்டத்தின் நோக்கத்துக்கு உரிமமும் சொத்தே என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமைச்சரின் விருப்புரிமை குறையவில்லை. ஆனால் சலுகை என்று பெயரிட்டு வழங்கப்பட்ட ஒன்றை, கடன் கொடுத்தவர் கோரக்கூடிய சொத்தாகச் சட்டமே ஏற்றுக்கொண்டது.

கிழக்குக் கரையின் விதிகள் இரண்டு. ரோமியோ லெப்ளாங்க் மீன்வள அமைச்சராக இருந்த காலத்தில், 1979இல் வந்த ‘படகணிப் பிரிப்பு’, மீனைப் பதனிட்டு விற்கும் நிறுவனங்கள் 65 அடிக்குக் குறைந்த படகுகளுக்கான உரிமங்களைப் புதிதாகப் பெறுவதைத் தடுத்தது. 1989இல் உறுதிப்பட்ட ‘உரிமையாளரே இயக்குநர்’ விதி, உரிமதாரர் தாமே தொழிலை நடத்த வேண்டும் என்றது. மீனை வாங்குபவரே பிடிப்பவருமாக இருந்தால் கரையில் விலையைப் பேசி முடிக்க எவரும் இருக்கமாட்டார்கள் என்பதே முதல் விதியின் அடிப்படை. நிறுவனங்கள் சுற்றுவழி கண்டன. மீனவர் ஒருவருக்கு உரிமம் வாங்கப் பணம் தந்து, பெயரை அவரிடமே விட்டுவிட்டு, பிடிப்பை யாருக்கு விற்பது, உரிமத்தைப் பின்னர் யாருக்கு மாற்றுவது என்பனவற்றைத் தம் முடிவாக்கிக்கொள்ளும் ஒப்பந்தங்கள் பெருகின. பினாமி முறையின் எல்லா இலக்கணமும் இதில் உண்டு. விதியின் எழுத்து மீறப்படாமலே அதன் உயிர் போய்விட்டது.

இதற்கு எதிராக 2007இல் வகுக்கப்பட்ட கொள்கை, ஒவ்வோர் உரிமதாரரும் தாம் இத்தகைய ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவரா இல்லையா என்று உறுதிமொழி தரவேண்டும் என்றும், கட்டுப்பட்டவர்கள் ஏழாண்டுக்குள் விடுபடவேண்டும் என்றும் கூறியது. 2012இல் இவ்விதிகளையே கைவிடும் பேச்சு எழுந்தபோது மீனவர் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன, அரசு பின்வாங்கியது. லாப்ரடோர் மீனவர் ஒருவர் தம் ஒப்பந்தத்தைக் காத்துக்கொள்ளத் தொடுத்த வழக்கிலும் 2019இல் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் கொள்கையின் பக்கமே நின்றது. அதே ஆண்டு மீன்வளச் சட்டம் திருத்தப்பட்டு, 2021 ஏப்ரல் 1 முதல் விதிமுறைகள் நடைமுறைக்கு வந்தன. உரிமம் தரும் உரிமைகளின் பயன்பாட்டையும் கட்டுப்பாட்டையும் பிறரிடம் ஒப்படைப்பது அப்போதுதான் சட்டத் தடைக்கு உள்ளாயிற்று. பெயரைக் காத்த விதி பயனையும் காக்கும் சட்டமாக மாற நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

மேற்கில் கதை வேறு. 1968இல் அமைச்சர் ஜாக் டேவிஸ் அறிவித்த சால்மன் திட்டம், படகுகளின் எண்ணிக்கையைக் குறைக்கும் பொருட்டு உரிமத்தை மனிதரோடு பிணைக்காமல் படகோடு பிணைத்தது. இந்தச் சிறு தொழில்நுட்பத் தேர்வின் விளைவு பெரிது. படகை வாங்கியவருக்கே உரிமம் என்றானதால், அதை வாங்கப் பணம் தவிர வேறு தகுதி எதுவும் வேண்டியிருக்கவில்லை. 1996இல் அமைச்சர் ஃபிரெட் மிஃப்லினின் திட்டம் 8 கோடி டாலர் செலவில் உரிமங்களைத் திரும்ப வாங்கியதோடு, கடற்கரையை மண்டலங்களாகப் பிரித்து, வேறு மண்டலத்திலும் பிடிக்க விரும்புவோர் இன்னோர் உரிமத்தை வாங்கி அடுக்கிக்கொள்ள வேண்டும் என்றது. கையில் முதல் உள்ளவர் அடுக்கினார், இல்லாதவர் விற்றார்.

ஹாலிபட் மீன்பிடியில் இப்போக்கு மிகத் தெளிவாகத் தெரிகிறது. 1990இல் அதன் பருவம் வெறும் ஆறு நாள். காற்றோ புயலோ, அந்த ஆறு நாளில் பிடித்ததே பிடிப்பு. அத்தனை மீனும் ஒருசேரக் கரைக்கு வந்ததால் பெரும்பகுதியை உறையவைத்தே விற்க முடிந்தது. 1991இல் மொத்தப் பிடிப்பைப் படகுவாரியாகப் பங்கிட்ட ஒதுக்கீட்டு முறை வந்தபின் பருவம் எட்டு மாதமளவுக்கு நீண்டது, புதுமீன் சந்தை திறந்தது, விலை ஏறியது, கடலில் ஆபத்தும் குறைந்தது. இந்நன்மைகளை மறுப்பவர் வாதம் நிற்காது. ஆனால் இவை ஒதுக்கீட்டால் விளைந்தவை. ஒதுக்கீட்டைக் குத்தகைக்கு விடும் உரிமையால் விளைந்தவை அல்ல. முதலிரண்டு ஆண்டுகள் ஒதுக்கீட்டை மாற்றத் தடை இருந்தது. 1993இல்தான் குத்தகைக்கு வழி திறந்தது.

குத்தகை எப்படி இயங்குகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கரையில் பவுண்டுக்கு 8 டாலர் விலைபோகும் ஹாலிபட்டுக்குக் குத்தகை 6 டாலர் என்று கொண்டால், அந்த 6 டாலர் மொத்த வருவாயிலிருந்து முதலில் கழிக்கப்படுகிறது. எஞ்சிய 2 டாலருக்குள் டீசல், இரை, ஐஸ், தூண்டில் கயிறு ஆகியவற்றின் செலவும், படகோட்டியின் பங்கும், உழைப்பாளிகளின் பங்கும் அடங்கவேண்டும். இது கற்பனைக் கணக்கேயாயினும் விகிதம் கற்பனையன்று. ஈவ்லின் பிங்கர்ட்டனும் டேனியல் எட்வர்ட்ஸும் 2009இல் ‘மரைன் பாலிசி’ இதழில் வெளியிட்ட ஆய்வு, 2006இல் ஹாலிபட் ஒதுக்கீட்டின் 79 விழுக்காடு குத்தகையில் இருந்ததாகவும், குத்தகைத் தொகை கரைவிலையில் சுமார் 70 விழுக்காட்டை எட்டியதாகவும் கணித்தது. புரூஸ் டரிஸ் அதே இதழில் அடுத்த ஆண்டு எழுதிய மறுப்பு இம்முடிவுகளை ஏற்கவில்லை. ஒதுக்கீட்டு முறையின் சாதனைகளைப் பொறுத்தவரை அவர் தரப்பு வலிமையானது. ஆனால் மீன்வளம் காக்கப்பட்டது என்ற பதில், அதன் வருவாய் எவரிடம் சேர்ந்தது என்ற கேள்விக்கு விடையாகாது.

2019இல் கனடா நாடாளுமன்ற மக்களவையின் மீன்வளக் குழு, மேற்குக் கரையின் உரிம முறையை ஆராய்ந்து, உரிமங்களின் உண்மை உடைமையைக் காட்டும் பொதுப் பதிவேட்டையும், பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கென்றே வகுக்கப்பட்ட உரிமையாளர்-இயக்குநர் முறைக்கு மாறுவதையும் பரிந்துரைத்தது. ‘பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கென்றே வகுக்கப்பட்ட’ என்ற அடைமொழி அவசியமானது. பூர்வகுடிச் சமூகங்கள் உரிமங்களைக் கூட்டாக வைத்திருக்கின்றன. 2007 முதல் அரசே அவர்களுக்காக உரிமங்களையும் ஒதுக்கீட்டையும் வாங்கித் தந்துள்ளது. தனிமனிதர் தாமே படகோட்ட வேண்டும் என்ற விதி கூட்டுரிமைக்கு அப்படியே பொருந்தாது. வயதான மீனவர் பலருக்கு ஒதுக்கீட்டின் குத்தகை ஓய்வூதியம் போன்றது. ஒரே நாளில் தடைவிதித்தால் முதலீட்டாளரோடு அவரும் அடிபடுவார். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் உடைமையை வெளிப்படுத்தும் பதிவேடு, அடுத்துக் குத்தகைக்கு உச்சவரம்பும் உழைப்பாளிக்குக் குறைந்தபட்சப் பங்கும், அதன்பிறகே புதிதாகக் கைமாறும் உரிமங்களுக்கு இயக்குநர் விதி. பதிவேடு இல்லாமல் மற்ற இரண்டையும் தொடங்கினால், கிழக்கில் நடந்ததுபோல விதியைத் தொடர்ந்து பினாமியும் வந்து நிற்கும்.

கிழக்கின் வெற்றியும் அரைகுறையானதே. தென்மேற்கு நோவா ஸ்கோஷியாவில் சிங்கி இறால் உரிமமும் படகும் சேர்ந்து பத்து லட்சம் டாலருக்கு மேல் விலைபோகும் நிலையில், படகில் கூலிப்பங்கு பெறும் இளைஞருக்கு அந்தத் தொகையைத் தருபவர் யார்? மாகாண மீன்வளக் கடன் வாரியம் ஓரளவு தருகிறது. வங்கி பிணை கேட்கிறது. மீன் வாங்கும் நிறுவனம் கேட்காமலே தர முன்வருகிறது. சட்டம் தடுக்கும் ஒப்பந்தத்துக்கான தேவை இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. மீனவர்களுக்கான பொதுக்கடன் நிதியையோ, ஓய்வுபெறுவோரின் உரிமங்களை வாங்கி இளையோருக்குத் தவணையில் வழங்கும் சமூக உரிம வங்கியையோ சீர்திருத்தத்தின் பிற்சேர்க்கையாகக் கருதும் வழக்கம் இரு கரைகளிலும் உண்டு. உடைமை விதியை வரையும் அதே ஆவணத்தில் அதற்கான நிதி ஒதுக்கப்படாவிடில், விதியைக் கடைப்பிடிக்க வசதியுள்ளவர்கள் ஏற்கெனவே உரிமம் வைத்திருப்பவர்களும் அவர்தம் பிள்ளைகளும் மட்டுமாகவே இருப்பார்கள்.