நிமிடமே அளவுகோல்: பொதுப் போக்குவரத்தில் இதய மீட்புக் கருவிகள்

மின்னதிர்ச்சி தந்து இதயத் துடிப்பை மீட்கும் டிஃபிப்ரிலேட்டர் கருவியை ரயில் நிலையங்களிலும் விமான நிலையங்களிலும் வைக்கும் திட்டங்களை இத்தனை நிலையங்கள், இத்தனை கருவிகள் என்று எண்ணி மதிப்பிடுவது வழக்கமாகிவிட்டது. இந்த அளவுகோல் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். இதயம் நின்று சாய்ந்து விழுந்தவரிடம் கருவி எத்தனை நிமிடத்தில் வந்து சேரும் என்பதைக் கொண்டே திட்டத்தை எடைபோட வேண்டும்.

திடீர் இதய நிறுத்தத்தில் பலருக்கு முதலில் நேர்வது கீழறை நடுக்கம். இதயத்தின் கீழறைகள் ஒழுங்கிழந்து துடிப்பதால் ரத்தம் உந்தப்படுவதில்லை. நெஞ்சை அழுத்தும் சி.பி.ஆர். முதலுதவியும் கிடைக்காவிட்டால், பிழைக்கும் வாய்ப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது. ஏ.இ.டி. எனப்படும் தானியங்கி டிஃபிப்ரிலேட்டர் துடிப்பைத் தானே ஆராய்ந்து, தேவையானால் மட்டுமே மின்னதிர்ச்சிக்கு இடம் தரும். அதனால் அருகில் நிற்கும் பயணியே அதை இயக்க முடியும்.

சிகாகோவின் மூன்று விமான நிலையங்களில், விரைந்து நடந்தால் 60 முதல் 90 வினாடிக்குள் எட்டும் இடைவெளியில் இக்கருவிகள் வைக்கப்பட்டன. 2002இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' வெளியிட்ட ஆய்வின்படி, ஈராண்டுகளில் அங்கே கீழறை நடுக்கத்துக்கு ஆளானவர்கள் 18 பேர். அவர்களில் 10 பேர் ஓராண்டுக்குப் பின்னும் மூளை நலத்தோடு வாழ்ந்தார்கள். மீட்கப்பட்ட 11 பேரில் 6 பேரைக் காத்தவர்கள் இக்கருவியில் பயிற்சியோ அனுபவமோ இல்லாதவர்கள். அவர்களில் மூவர் மருத்துவப் பட்டம் பெற்றவர்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் என்னை உலுக்கும் எண் வேறு: ஐந்து நிமிடத்துக்குள் கருவி எட்டாத நால்வரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

ஜப்பானில் 2004 ஜூலை முதல் பொதுமக்களும் இக்கருவியை இயக்கலாம். 2005 முதல் 2007 வரையிலான நாடு தழுவிய ஆய்வில், சதுர கிலோமீட்டருக்கு ஒன்றுக்கும் குறைவாக இருந்த கருவிகள் நான்கோ அதற்கு மேலோ எனப் பெருகியபோது, அதிர்ச்சி தருவதற்கான சராசரி நேரம் 3.7 நிமிடத்திலிருந்து 2.2 நிமிடமாகக் குறைந்தது. எண்ணிக்கைக்குப் பொருள் வருவது இப்படி நேரம் சுருங்கும்போதுதான்.

எதிர்வாதம் வலுவானது. இதய நிறுத்தம் பெரும்பாலும் வீட்டில்தான் நேர்கிறது. அதே ஜப்பானிய ஆய்வில், பிறர் கண்முன் கீழறை நடுக்கத்தோடு விழுந்த 12,631 பேரில் பொதுமக்கள் கையால் அதிர்ச்சி பெற்றவர்கள் 462 பேரே. உண்மைதான். எனினும் நிலையத்தில் விழுபவரைப் பலர் பார்க்கிறார்கள். ஓடிவர ஊழியர் இருக்கிறார்கள். அதிகாலை முதல் நள்ளிரவு வரை கதவு திறந்திருக்கிறது. கடைசியாகச் சொன்னது அற்பமானதன்று. கோபன்ஹேகனில், பொது இடங்களில் நேர்ந்த இதய நிறுத்தங்களில் 60 விழுக்காட்டுக்கு மேல் மாலை, இரவு, வார இறுதி நாட்களில் நேர்ந்தவை. பல கட்டடங்கள் பூட்டிக் கிடந்த அந்த நேரங்களில் கருவிகள் எட்டும் பரப்பு பாதிக்கு மேல் சுருங்கியது.

நகர மெட்ரோவில் அடுத்த நிலையம் சில நிமிடத் தொலைவு என்பதால் நடைமேடைக்கே முன்னுரிமை தரலாம். நீண்ட தூர ரயிலில் கருவி வண்டிக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

ஆகவே ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களில் 'நிலையத்துக்கு ஒன்று' என்று எழுதுவதை நிறுத்துங்கள். நடைமேடையின் எந்த மூலைக்கும் 90 வினாடிக்குள் கருவி வந்து சேர வேண்டும், முதல் வண்டி தொடங்கிக் கடைசி வண்டி வரை அதன் பெட்டி பூட்டப்படக் கூடாது என்று எழுதுங்கள்.