சென்னை – சிங்கப்பூர் 4 மணி நேரம்தான். தேதியில் ஏமாந்தால் டிக்கெட் பணம் போச்சு!

சென்னையில் இருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம்? வான்வழியில் சுமார் 2 ஆயிரத்து 900 கிலோ மீட்டர். நடுவில் எங்கும் இறங்காத நேரடி விமானம் 4 முதல் நாலரை மணி நேரத்தில் கொண்டுபோய் சேர்த்து விடும். திருச்சியில் இருந்து போனாலும் ஏறக்குறைய இதே நேரம்தான். தூரம் சில பத்து கிலோ மீட்டர் மட்டுமே கூடுதல்.

அந்த காலத்தில் இதே பயணத்துக்கு கப்பலில் ஏறக்குறைய ஒரு வாரம் ஆனது. ரஜூலா, அதன் பிறகு எம்.வி.சிதம்பரம் ஆகிய கப்பல்களில் ஏராளமான தமிழர்கள் சென்று வந்தனர். 1985-ம் ஆண்டு நடுக்கடலில் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்து பலர் பலியானார்கள். அதோடு அந்த கப்பல் பயணம் முடிவுக்கு வந்தது.

இரண்டரை மணி நேர வித்தியாசம்

சிங்கப்பூர் கடிகாரம் நம்ம ஊர் கடிகாரத்தை விட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. டிக்கெட்டில் புறப்படும் நேரம், சேரும் நேரம் இரண்டுமே அந்தந்த ஊர் நேரப்படிதான் இருக்கும்.

உதாரணமாக சென்னையில் காலை 10 மணிக்கு கிளம்பி, நாலேகால் மணி நேரம் பறந்தால் அங்கு மாலை 4.45 மணி ஆகியிருக்கும். திரும்பும்போது இரவு 8 மணிக்கு ஏறினால் சென்னையில் 9.45 மணி. "ஒண்ணே முக்கால் மணி நேரத்துல வந்துட்டோமா?" என்று வியக்க வேண்டாம். கடிகாரம் செய்யும் மாயம்தான் அது.

நள்ளிரவு விமானம்... உஷார்!

முதல்முறை வேலைக்கு போகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். டிக்கெட்டில் 15-ந் தேதி 00.45 என்று இருந்தால், 14-ந் தேதி இரவு சாப்பிட்டு முடித்த கையோடு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15-ந் தேதி ராத்திரி பெட்டியை தூக்கிக்கொண்டு போனால் விமானம் முந்தின நள்ளிரவே பறந்திருக்கும். கடன் வாங்கி எடுத்த டிக்கெட் என்றாலும் பணம் திரும்ப கிடைப்பது கஷ்டம்.

வெளிநாட்டு விமானத்துக்கு 3 மணி நேரம் முன்னதாக போய்விடுவது நல்லது. பெரும்பாலும் புறப்பட ஒரு மணி நேரம் இருக்கும்போதே கவுண்ட்டரை மூடி விடுவார்கள்.

வீடு போய்ச் சேர எவ்வளவு நேரம்?

ஊரில் துக்கம் என்று போன் வந்தால் "நாலு மணி நேரத்துல வந்துடுவான்" என்று உறவினர்கள் கணக்கு போடுவார்கள். ஆனால் காத்திருப்பு 3 மணி நேரம், பறப்பது 4 மணி நேரம், குடியுரிமை சோதனை முடிந்து பெட்டி எடுக்க ஒரு மணி நேரம், அப்புறம் பஸ் அல்லது கார். திருச்சியில் இறங்கி புதுக்கோட்டை பக்கம் போவதாக இருந்தாலும், அங்குள்ள அறையில் இருந்து கிளம்பி வீட்டு வாசலை மிதிக்க 10 மணி நேரமாவது ஆகும். அதுவும் டிக்கெட் உடனே கிடைத்தால்தான்.

இந்த கணக்கை வீட்டில் இருப்பவர்களும் தெரிந்து வைத்திருந்தால், எடுக்கும் நேரத்தை அதற்கு தகுந்தபடி முடிவு செய்யலாம். கடல் தாண்டி வருகிற பிள்ளைக்கு கடைசியாக ஒருமுறை முகம் பார்க்க கிடைக்கும்.