தஞ்சைச் சுவார்ட்சு ஐயரின் சாந்தகுணம்

கிறித்தவ அறநூலோர் பெரிதும் போற்றும் பண்புகளுள் சாந்தம் ஒன்று. புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கத்தில் இதனைக் குறிக்கும் சொல் கிறித்தவர் புதிதாகப் படைத்துக்கொண்டதன்று. அவர்கட்கு மூன்று நூற்றாண்டுகட்கு முன்னரே அரிசுட்டாட்டில் தம் அறநூலில் அதனை எடுத்து ஆராய்ந்துள்ளார். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவோனும், சினங்கொள்ள வேண்டியவிடத்தும் சினவாது கிடப்போனும் அவர் கருத்துப்படி சாந்தமுடையோர் ஆகார். இவ்விரண்டற்கும் இடைப்பட்ட நிலையே சாந்தம். பவுல் அடிகளார் கலாத்தியர்க்கு எழுதிய திருமுகத்தில் ஆவியின் கனிகளுள் ஒன்றாக இதனை எண்ணுகின்றார். தமிழில் விவிலியத்தைப் பெயர்த்தோர் சாந்தம் என்னும் வடசொல்லைக் கொண்டனர். அச்சொல் தமிழ்ச் செவிக்குச் சந்தனத்தையும் உடன் நினைவூட்டுவது, அவர்கள் கருதாது வாய்த்த பேறு எனலாம். வள்ளுவர் இப்பண்பினை ஒரு பெயரால் சுட்டாது அடக்கமுடைமை, பொறையுடைமை, வெகுளாமை, இனியவை கூறல் எனப் பல அதிகாரங்களில் விரித்துரைத்தார்.

சொல்லாராய்ச்சி இவ்வளவில் அமைக. இப்பண்பு அன்றாட வாழ்வில் எவ்வாறு தொழிற்பட்டது என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். அதற்குத் தஞ்சை வரலாற்றில் தக்கதொரு சான்று உண்டு. சுவார்ட்சு ஐயர் 1726-இல் பிரண்டன்பர்க்கு நாட்டிற் பிறந்தவர். ஆலே நகரிற் பயின்றபொழுதே தமிழ் கற்கத் தொடங்கி, 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். பின்னர்த் திருச்சிராப்பள்ளியில் பணியாற்றி, 1778 முதல் தஞ்சையில் நிலையாக வாழ்ந்து, 1798 பிப்பிரவரியில் அங்கேயே மறைந்தார். தாய்நாட்டிற்கு அவர் மீண்டும் சென்றதில்லை. மணம் செய்துகொள்ளவும் இல்லை. அவர் உணவு சோறும் காய்கறியும் என்றும், உறையுள் மிகச் சிறிய அறை என்றும் நேரிற் கண்ட ஆங்கிலேயர் எழுதி வைத்துள்ளனர்.

1779-இல் சென்னை ஆளுநர் இரம்போல்டு இவரைச் சீரங்கப்பட்டணத்திற்கு ஐதர் அலியிடம் தூது அனுப்பினார். தூது பயன்தரவில்லை, அடுத்த ஆண்டே போர் மூண்டது. ஆயினும் இரு செய்திகள் கருதத்தக்கன. ஐதர் வழிச்செலவிற்கென அளித்த முந்நூறு உரூபாயை ஐயர் தமக்கென வைத்துக்கொள்ளாது கும்பினியாரிடம் ஒப்படைத்தார். அவர்கள் அதனை அவர்க்கே திருப்பி அளித்தபொழுது தஞ்சையில் ஏழைச் சிறார் பள்ளிக்கு முதலாக்கினார். போர் நடந்த காலத்தில், இப்பாதிரியாரைத் தடுக்கலாகாது என்று ஐதர் தம் படையினர்க்குக் கட்டளையிட்டிருந்தார். பகைவன் படைநடுவே ஒருவர் தடையின்றிச் சென்றுவர முடிந்ததற்கு அவர் பின்னின்ற கும்பினியின் வலிமை காரணமாக இருத்தல் இயலாது. அவ்வலிமையோடுதானே ஐதர் போர் செய்து கொண்டிருந்தார்!

இதனினும் சிறந்த சான்று 1781-ஆம் ஆண்டினது. ஐதரின் படையெழுச்சியால் தஞ்சைக் கோட்டையுள் கடும்பஞ்சம் நேர்ந்தது. நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. அதனைக் கொணரும் எருதுகளும் இருந்தன. ஆயினும் குடிகள் கொண்டுவர மறுத்தனர். முன்னர்ப் பொருளையும் உழைப்பையும் பெற்றுக்கொண்டு விலை கொடாது ஏமாற்றிய அரசு அலுவலர்மீது அவர்கட்கு நம்பிக்கை அற்றுவிட்டது. அந்நிலையில் துளசா மன்னர் ஐயரை வேண்டினார். விலையைத் தம் கையால் தாமே தருவதாக ஐயர் ஊர்தோறும் ஓலை போக்கினார். ஓரிரு நாளில் ஆயிரம் எருதுகள் வந்தன. எண்பதினாயிரம் கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. சொன்னவாறே விலையும் கொடுக்கப்பட்டது. பின்னர், அமைச்சர் பாபா என்பாரின் கொடுமையால் அறுபத்தையாயிரம் குடிகள் நாட்டைவிட்டு வெளியேறியபொழுதும் அவர்களை மீட்டுக் கொணர்ந்தது ஐயரின் சொல்லே. ஒரே நாளில் ஏழாயிரவர் திரும்பினர். ஆனித் திங்களில் தொடங்க வேண்டிய உழவு ஆவணியிலும் தொடங்கப்பெறாதிருக்க, அவர்கள் இரவுபகலாக உழைத்து அப்பருவத்தைக் காத்தனர்.

இச்செய்திகளுட் பல ஐயர் தாமே 1794-இல் எழுதிய ஒரு மடலிற் காணப்படுவன. முந்திய ஆண்டு பிரித்தானியப் பாராளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் சமயத் தொண்டரையும் அவர்தம் சபையாரையும் இகழ்ந்துரைத்தார். அதற்கு மறுமொழியாக எழுந்தது அம்மடல். தம் செயலைத் தாமே கூறும் ஆவணத்தைச் சிறிது ஐயத்தோடு நோக்குதல் ஆராய்ச்சியாளர் கடன். எனினும், அன்று தஞ்சையை அறிந்த ஆங்கில அலுவலர் பலர் உயிரோடிருக்க, அவர்கள் கண்படுமாறு அச்சேறவிருந்த மடலில் எண்களை மிகைப்படுத்துதல் அரிது என்பது நம் கருத்து. அம்மடலின் நடையும் நோக்கத்தக்கது. வசை பெற்றவர் வசை திருப்பவில்லை. நிகழ்ந்தவற்றை வரிசைப்பட உரைத்துச் செல்கின்றார்.

இனி, இப்பண்பின் மறுபுறத்தையும் கூறாது விடுதல் நேர்மையாகாது. 1787-இல் துளசா மன்னர் இறக்கும் தறுவாயில், தாம் சுவீகாரம் கொண்ட பத்து வயதுச் சரபோசியை ஐயரிடம் ஒப்படைக்க விழைந்தார். ஐயர் அப்பொறுப்பை ஏலாது, மன்னரின் உடன்பிறந்தார் அமர்சிங்கைக் காப்பாளராக்குமாறு அறிவுரை கூறினார். பூசல் விளையலாகாது என்னும் மென்மையே இதற்குக் காரணம் என்று தோன்றுகின்றது. விளைந்ததோ வேறு. சுவீகாரம் செல்லாது என்று பண்டிதர் கூறியதைக் கொண்டு கும்பினியார் அமர்சிங்கையே அரியணை ஏற்றினர். சிறுவன் கல்வியும் உரிமையும் இன்றி அடைபட்டுக் கிடந்தான். அப்பொழுதுதான் ஐயரின் சாந்தம் அரிசுட்டாட்டில் கூறிய முழுப்பொருளையும் பெறுகின்றது. அவர் சென்னைக்கு முறையீட்டின்மேல் முறையீடு விடுத்தார். அமர்சிங்கின் சினத்தைப் பொருட்படுத்தவில்லை. 1793-இல் சிறுவனைச் சென்னைக்கு அழைத்துச் சென்று கல்வி பெறச் செய்தார். சுவீகாரம் செல்லும் என்று பின்னர் முடிவாயிற்று. 1798-இல், ஐயர் மறைந்த சில திங்களில், சரபோசி முடிசூடினார்.

முடி நிலைத்தது; ஆட்சி நிலைக்கவில்லை. 1799-ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் ஆட்சி கும்பினியார் கைக்குச் சென்றது. கோட்டையும் அதன் சூழலும் ஓய்வுத்தொகையுமே மன்னர்க்கு எஞ்சின. ஐயரைக் கும்பினியின் கருவி என்று கூறுவார் இதனைச் சான்று காட்டுவர். அவர் கும்பினிக்குத் தூது சென்றதும், மொழிபெயர்ப்பாளராய் இருந்ததும் மறுக்கவியலாதன. ஆயினும் எருதும் நெல்லும் கொணர்ந்த உழவர் கும்பினியை நம்பி வந்தவரல்லர். அரசையும் நம்பாது, அதன் அலுவலரையும் நம்பாது, படையோ அதிகாரமோ இல்லாத ஒருவர் சொல்லை நம்பி வந்தனர். அந்நம்பிக்கையைப் பின்னர் ஆட்சியாளர் தமக்குப் பயன்படுத்திக்கொண்டமை வேறு செய்தி. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் அவ்வுழவர்க்குச் செய்யும் அநீதியாகும்.

தஞ்சைச் சிவகங்கைத் தோட்டத்தை அடுத்த தேவாலயத்தில் சரபோசி மன்னர் ஐயர்க்கு ஒரு சலவைக்கல் நினைவுச்சின்னம் அமைத்தார். செதுக்கியவர் இலண்டன் மாநகரச் சிற்பி பிளாக்சுமன். படுக்கையில் கிடக்கும் முதியவரின் கையை மன்னர் பற்றி நிற்பதாக அச்சிற்பம் காட்டுகின்றது. கல்லறை மேல் பொறிக்கப்பெற்ற ஆங்கிலப் பாட்டு மன்னரே இயற்றியது. கிறித்தவம் தழுவாத ஒரு மன்னர் கிறித்தவத் தொண்டரை அனாதைகட்குத் தந்தை என்றும் கைம்பெண்கட்குத் துணை என்றும் அதிற் பாடினார். பண்புகளை அடுக்குமிடத்து அவர் முதற்கண் வைத்தது மன உறுதியை. பணிவு அதற்கு அடுத்தே வருகின்றது.