தண்டுவட மரப்பு நோயில் கேள்திறன் குறைபாடு

தண்டுவட மரப்பு நோயில் கேள்திறன் குறைபாடு என்பது, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படும் நோயினால் காதிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்புப் பாதை பழுதுற்றுக் கேட்டல் பாதிக்கப்படுவதைக் குறிக்கும். இந்நோயில் உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே மூளை, தண்டுவடம் ஆகியவற்றின் நரம்பிழைகளைச் சூழ்ந்துள்ள மயலின் உறையைச் சிதைக்கிறது. பார்வை மங்கல், மரத்துப்போதல், நடைத் தள்ளாட்டம் ஆகியவற்றுடன் ஒப்பிடக் காது கேளாமை இந்நோயில் அரிது. அதனாலேயே எளிதில் ஐயுறப்படுவதில்லை.

ஏற்படும் விதம்

செவிப்பறையும் உட்செவியும் நலமாகவே இருக்கும். செவி நரம்பு மூளைத்தண்டினுள் நுழையும் இடத்தில் உறை சிதைந்தால் ஒரு காது சில மணி அல்லது சில நாட்களுக்குள் மந்தமாகலாம். இரைச்சலும் தலைச்சுற்றலும் உடன் வரலாம். அதற்கு மேலே செவிப்பாதை மூளையின் இரு பக்கங்களுக்கும் பிரிந்து செல்வதால் ஒரு காது மட்டும் செவிடாவதில்லை. ஆனால் ஒலி கேட்டும் சொல் விளங்காத நிலை தோன்றலாம்; கூட்டத்தில் பேசும்போது இது மிகும்.

தறி இரைச்சலும் இந்நோயும்

விசைத்தறிகள் நிறைந்த சோமனூர், பல்லடம் வட்டாரங்களில் காது மந்தத்திற்குத் தறிச் சத்தமே காரணம் எனக் கொள்வது இயல்பு. இந்தியத் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபெலை வரம்பாக வைத்துள்ளன. தறிக்கூடங்களில் ஒலி பலவேளைகளில் இதனைத் தாண்டும். எனினும் இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை பல ஆண்டுகளில் மெல்ல வளர்வது. பெரும்பாலும் இரு காதுகளையும் பாதிப்பது. முதலில் 4000 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலிகளில் தெரிவது. ஒரு காது மட்டும் திடீரென மந்தமானால், அதனைத் தறியின் கணக்கில் எழுதிவிடலாகாது.

கண்டறிதலும் மருத்துவமும்

வழக்கமான கேள்திறன் அளவீடு இயல்பாக இருந்தும் நோய் இருக்கக்கூடும். பெரா எனப்படும் மூளைத்தண்டு மின்னலைச் சோதனை, காந்த அதிர்வுப் படம் ஆகியவை பழுதுற்ற இடத்தை அறிய உதவுகின்றன. மெத்தில்பிரட்னிசொலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து சில நாட்கள் சிரை வழியே செலுத்தப்படுகிறது. பலருக்குக் கேள்திறன் வாரங்களில் ஓரளவோ முழுமையாகவோ மீள்கிறது. திடீர்ச் செவிட்டுத்தன்மை எக்காரணத்தால் வந்தாலும் முதல் இரு வாரங்கள் முக்கியமானவை. சொல் விளங்காமை எஞ்சினால் காதொலிக் கருவியின் பயன் குறைவு. கருவி ஒலியைப் பெருக்குமே தவிர, நரம்பில் குலைந்ததைச் சீர்செய்யாது.

சட்ட நிலை

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 தண்டுவட மரப்பு நோயையும் கேள்திறன் குறைபாட்டையும் தனித்தனியே பட்டியலிடுகிறது. கேள்திறன் பிரிவில் இடம்பெற இரு காதுகளிலும் குறைந்தது 60 டெசிபெல் இழப்பு வேண்டும். ஆகவே ஒரு காதை மட்டும் இழந்தவரும், ஒலி கேட்டும் சொல் விளங்காதவரும் அப்பிரிவில் அடங்குவதில்லை. தண்டுவட மரப்பு நோய்க்கான பிரிவிலேயே சான்றிதழ் கோர வேண்டும்.