கட்டுமரமும் கடல் இயந்திரமும்

தமிழ்மொழி உலகத்துக்கு வழங்கிய சொற்களுள் கடலேறி மிகத் தொலைவு சென்ற சொல் 'கட்டுமரம்' ஆகும். வில்லியம் டம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடி, தம் உலகப் பயணம் குறித்து 1697ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, சோழமண்டலக் கரையில் இச்சொல் வழங்கியதைக் குறித்துவைத்தார். அவர் கண்டது மரங்களைப் பிணைத்து அமைத்த மிதவை. பிற்காலத்து மேனாட்டாரோ, இரண்டு உடல்களை அருகருகே நிறுத்தி மேலே தளமிட்டு இணைத்த படகுக்கு இப்பெயரைச் சூட்டிவிட்டனர். அவ்வகைப் படகு பசிபிக் தீவு மக்களின் பழங்கலை. பெயர் மட்டும் நம்முடையது.

இன்று அத்தகைய இரட்டை உடற் படகுகள் ஆழ்கடல் மீன்பிடிக்கும் செல்கின்றன. அவற்றின் பின்புறத்திலே, ஓர் உடலுக்கு ஒன்றாக, இரண்டு வெளியிணைப்பு இயந்திரங்கள் தொங்குவதைக் காணலாம். அவை தேய்ந்து பழுதாகும் நாளிலே, மாற்றாக எவ்வகை இயந்திரத்தை வாங்குவது என்ற வினா படகுக்காரர் முன் எழுகின்றது. கடைவீதியிலே ஒரு பொழுதில் தீர்ந்துவிடும் வினாவாக அது தோன்றும். உண்மையில், நம் கடற்கரை மக்கள் ஏறக்குறைய எழுபது ஆண்டுகளாகப் பெரும் பொருளும், சிலவேளைகளில் உயிரும் கொடுத்து விடை தேடிவந்த வினா அது. அந்த வரலாற்றைச் சிறிது நோக்குவதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

முதலிலே பழைய கட்டுமரத்தை எண்ணிப் பாருங்கள். இலேசான மரங்கள் சிலவற்றைச் செதுக்கி, கயிற்றாற் பிணைத்து, முன்பகுதியாகிய அணியத்தைச் சற்றே மேல்நோக்கி வளைத்தால் கலம் ஆயிற்று. அதற்கு வயிறு இல்லை. ஆதலால் நீர் நிரம்பி மூழ்குவதும் இல்லை. மேலே ஏறிய அலை மரங்களின் இடைவெளி வழியே வடிந்துவிடும். துறைமுகம் இல்லாத திறந்த மணற்கரையிலே, நுரைத்து உடையும் அலைகளுக்கு ஊடாகச் சென்று மீள இதனினும் எளிய கலம் வேறில்லை. கரைக்கு வந்ததும் கட்டவிழ்த்து மரங்களைக் காயவைப்பர். வாடையும் சோளகமும் கொண்டலும் கச்சானும் தத்தம் பருவத்திலே வீச, பாயும் துடுப்புமே அதனை இயக்கின. இலங்கைக் கரையின் கலங்களை ஆராய்ந்து 1943ஆம் ஆண்டில் விரிவாக எழுதிய ஜேம்ஸ் ஹோர்ணல் என்ற அறிஞர், இம்மரக்கலங்கள் கரைக்கும் காற்றுக்கும் ஏற்ப வேறுபடுவதை நுணுகி நோக்கியவர். ஒவ்வொரு கரையும் தனக்கு வேண்டிய கலத்தைத் தானே வடித்துக்கொண்டிருந்தது.

இனி, இயந்திரத்தின் கதைக்கு வருவோம். படகின் உள்ளே பதிக்காமல், வெளியே மாட்டிக் கழற்றக்கூடிய இயந்திரத்தை முதன்முதலிற் செய்துகாட்டியவருள் ஒருவர் குஸ்தாவ் துரூவே என்ற பிரெஞ்சுக்காரர். 1881ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரின் சேன் ஆற்றில் அவர் இயக்கிய இயந்திரம் மின்சாரத்தால் ஓடியது. எனினும் சாதாரண மக்களின் கைக்கு எட்டுமாறு அதனைப் பரப்பியவர், நோர்வே நாட்டிற் பிறந்து சிறுபிராயத்திலே அமெரிக்காவிற் குடியேறிய ஓல் எவின்றூட் என்பவரே. 1909ஆம் ஆண்டளவில் அவர் விற்பனைக்கு விட்ட இயந்திரம் ஒன்றரைக் குதிரைவலு உடையது. நிறை 62 றாத்தல். விலை 62 டொலர். ஒருவர் தூக்கிச் சென்று, தம் படகின் பின்பலகையில் மாட்டி, மாலையிலே கழற்றி வீட்டுக்குக் கொண்டுவரலாம்.

இவ்விடத்திலே ஒரு செய்தியை மனத்தில் இருத்துங்கள். அந்த இயந்திரம் பின்பலகை உள்ள படகுக்காகப் பிறந்தது. மாட்டுவதற்குச் செங்குத்தான பலகை ஒன்று வேண்டும். கட்டுமரத்திலோ அப்படி ஒரு பலகை இல்லை. அலை அதன் மேலேறி வழிவது இயல்பு. இயந்திரத்தின் தீப்பொறிக் கருவிக்கோ உப்புநீர் பகை. மரங்கள் கட்டுக்குள் சற்றே அசைந்து கொடுப்பது கட்டுமரத்தின் பலம். அதிர்ந்து ஓடும் இயந்திரத்துக்கு அந்த அசைவே கேடு.

இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர், வறிய நாடுகளின் மீன்பிடியை இயந்திரமயமாக்கும் முயற்சி எங்கும் எழுந்தது. 1952ஆம் ஆண்டில் இந்தியாவும் நோர்வேயும் ஐக்கிய நாடுகள் அமைப்பும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, கேரளத்திலே கொல்லத்தை அடுத்த நீண்டகரைப் பகுதியில் ஒரு திட்டம் தொடங்கியது. அங்குள்ள பழைய வள்ளங்களுக்கே இயந்திரம் பூட்டலாம் என்று முதலிற் கருதினர். அக்கலங்கள் அதற்கு இசையவில்லை. ஆகவே புதிய படகுகளைக் கட்டினர். நாளடைவில் அவை இறால் தேடி அடிநிலத்தை வாரும் இழுவைப் படகுகளாக மாறின, ஏற்றுமதி பெருகிற்று. துடுப்பு வலித்தவரும் இழுவைப் படகினரும் ஒரே கடலிலே எதிரெதிராக நிற்கும் நிலையும் அதனோடு வந்தது.

இலங்கையிலும் 1950களில் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனத்து நிபுணர்கள் வந்து ஆராய்ந்தனர். அத்தசாப்தத்தின் பிற்பகுதியிலே, உள்ளே டீசல் இயந்திரம் பதித்த மூன்றரைத் தொன் படகுகள் அரசாங்கக் கடன்முறையில் வழங்கப்படலாயின. அவை நங்கூரமிடத் தக்க துறை உள்ள இடங்களிலே நன்மை பயந்தன. மணலில் இழுத்தேற்றிக் கலத்தை வைக்கும் ஊர்களுக்கோ அவை பொருந்தவில்லை. பின்னர் கண்ணாடி நாரிழையால் வார்த்த சிறு படகுகள் வந்தன. நோர்வே மக்களின் உதவியோடு காரைநகரில் தொடங்கிய சீநோர் படகுத் தளமும் அவ்வகைப் படகுகளைக் கட்டியது. இலேசான உடல், உறுதியான பின்பலகை, அதிலே மாட்டிக் கழற்றும் இயந்திரம் என்ற இந்த இணைப்பே நம் கரைகளிலே வேரூன்றியது. கட்டுமரத்துக்கு இயந்திரம் எளிதில் வரவில்லை. இயந்திரத்துக்கேற்ற படகு வந்தபின்னரே இயந்திரம் பரவலாயிற்று.

பாக்கு நீரிணைக்கு அப்பால், கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்திலும் 1980களில் இதே பாடம் படிக்கப்பட்டது. ஒட்டுப்பலகையாற் செய்த இலேசான படகுகளை அலையுடையும் கரையிலே ஓட்டிப் பார்த்து, பிழைகண்டு, மீண்டும் திருத்திக் கட்டினர். அக்காலத்தில் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, இயந்திரத்தை வரவழைத்துக் கொடுத்ததோடு நிற்காமல், பழுதுபார்க்கும் நிலையங்களையும் கரையோரமாக நிறுவியது. விற்பவனைக் காட்டிலும் திருத்துபவன் முக்கியம் என்பதை அவர்கள் நன்குணர்ந்திருந்தனர்.

இயந்திரம் வந்தது, அதனோடு எரிபொருட் செலவும் வந்தது. காற்று எவரிடமும் விலை கேட்டதில்லை. விலைகுறைந்த எரிபொருள் வேண்டியதால் நம் மீனவர் மண்ணெண்ணெய் இயந்திரங்களை விரும்பினர். அவை பெற்றோலிலே உயிர்பெற்று, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றப்படுவன. நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலில் ஓடவிட்டு உட்குழாய்களைத் தூய்மை செய்தல் நலம். மண்ணெண்ணெயில் வலு குறையும், கரி படியும், தீப்பொறிச் செருகிகளை அடிக்கடி துடைக்க வேண்டும். இவற்றையெல்லாம் நம்மவர் கடலிலேயே கற்றனர்.

போர்க்காலத்திலே வடக்குக் கிழக்குக் கரைகளிற் கடல் வலயத் தடையும், எரிபொருட் தடையும், விசைகூடிய இயந்திரங்கள் மீதான கட்டுப்பாடும் நிலவின. அப்போது இயந்திரத்தைத் தெரிவு செய்தது மீனவரின் அறிவன்று. கட்டளையே தெரிவு செய்தது. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்து இலங்கையின் மீன்பிடிக் கலங்களிற் பெரும்பங்கைச் சிதைத்தது. உலகெங்கணுமிருந்து அன்போடு படகுகளும் இயந்திரங்களும் வந்தன. ஆயினும் வந்தவை யாவும் அந்தந்தக் கரைக்கு ஏற்றவையாக இருக்கவில்லை. 2022ஆம் ஆண்டு ஆவணி மாதத்திலே, மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் உயர்ந்தது. எரிபொருளைக் குறைவாகக் குடிக்கும் இயந்திரம் எது என்ற கேள்வி, அன்று அடுப்பங்கரைக் கேள்வியாகவே ஆயிற்று.

இவ்வரலாற்றைக் கற்றவர், இரட்டை உடற் படகுக்கு மாற்று இயந்திரம் வாங்கும்போது எவற்றை நோக்குவர்?

முதலாவது, தண்டின் நீளம். வெளியிணைப்பு இயந்திரங்களின் தண்டு 15, 20, 25 அங்குலம் என்ற அளவுகளில் வருகின்றது. இரு உடல்களுக்கு இடையே ஓடும் நீர் நுரையும் காற்றும் கலந்தது. விசிறி போதிய ஆழத்தில் இராவிடின் அது காற்றை உறிஞ்சும், இயந்திரம் வீணே அலறும், படகோ முன்னேறாது. ஆகவே பின்பலகையின் உயரத்தை அளந்தபின்னரே கடைக்குச் செல்ல வேண்டும்.

இரண்டாவது, நிறை. பழைய ஈரடிப்பு இயந்திரம் இலேசானது. ஆயின் எரிபொருளிற் காற்பங்கு வரை எரியாமலே வெளியே கழித்துவிடக் கூடியது. புதிய நாலடிப்பு இயந்திரம் சிக்கனமானது. ஆயின் பொதுவாக நிறை கூடியது. இரட்டைப் படகின் ஒடுங்கிய உடல், பின்புறத்தில் ஏறும் பாரத்தை எளிதிற் பொறுக்காது. ஐஸ்கட்டியும் வலையும் மீனும் நிறைந்து திரும்பும் வேளையிலே பின்பகுதி எவ்வளவு தாழும் என்பதை முன்னரே கணக்கிட வேண்டும்.

மூன்றாவது, வலு. பாரமேற்றிய படகிலே வேகத்தை இரட்டிப்பாக்க ஏறக்குறைய எட்டு மடங்கு வலு வேண்டும். எனவே பெரிய இயந்திரம் பெரும்பாலும் பெரிய செலவையே தரும். சற்று மெதுவாக ஓட்டுபவர் பெருமளவு எரிபொருளை மிச்சப்படுத்துவர். குதிரைவலுவிலும் மேலாகக் கவனிக்க வேண்டியது விசிறி. முழுப் பாரத்தோடு ஓடும்போதும் இயந்திரம் தனக்குரிய சுழற்சி வேகத்தை எட்டுமாறு விசிறியைப் பொருத்த வேண்டும். எட்டாவிடின் இயந்திரம் மூச்சுத் திணறித் தன் ஆயுளை இழக்கும்.

நான்காவது, இரண்டு இருப்பதன் பயன். ஆழ்கடலில் ஓர் இயந்திரம் நின்றால், மற்றது தனித்தே படகைக் கரைசேர்க்க வேண்டும். ஒருபக்கத்தில் மட்டும் உந்துதல் இருக்கும்போது படகு சுழல முயலும்; அதனை அடக்கி நேரே செலுத்தத் தக்க வலு அந்த ஒற்றை இயந்திரத்துக்கு உண்டா என்பதைக் கரையருகே சோதித்துக் கொள்ள வேண்டும். எரிபொருட் தாங்கியும் வடிகட்டியும் இரண்டுக்கும் வெவ்வேறாக இருத்தல் நன்று. அழுக்கு எரிபொருள் ஒரே வேளையில் இரண்டையும் நிறுத்திவிட்டால் இரண்டு வைத்திருந்தும் பயனில்லை. ஒன்று பழையது, ஒன்று புதியது என இணைப்பதும் அறிவுடைமையாகாது. இயலுமாயின் இரண்டையும் ஒருசேர மாற்றுக. அவற்றின் விசிறிகள் எதிரெதிர்த் திசையிற் சுழலுமாயின் படகு ஒருபுறம் இழுபடாமற் செல்லும்.

ஐந்தாவது, திருத்துபவர். ஓல் எவின்றூட்டின் பெயரைத் தாங்கி நூறாண்டுக்கு மேலாக வெளிவந்த இயந்திரங்களின் உற்பத்தி 2020ஆம் ஆண்டிலே நிறுத்தப்பட்டது. முன்னோடியின் பெயரே இவ்வாறு மறையுமானால், எந்தப் பெயரை நாம் நிலையென நம்புவது? ஆதலின் விளம்பரத்தை விட்டு, உதிரிப்பாகம் நம் ஊரிலே கிடைக்குமா, கழற்றிப் பூட்டத் தெரிந்த கை அருகில் உண்டா என்று கேட்பதே முறை.

நேயர்களே, இந்த ஐந்தும் புதிய அறிவுரைகள் போலத் தோன்றலாம். பழைய கட்டுமரத்தைச் செதுக்கியவர்கள் இவற்றை வேறு சொற்களால் அறிந்திருந்தனர். அவர்கள் மரத்தின் நிறையைக் கையிலேந்திப் பார்த்தனர். கரையின் அலையைக் கண்டபின்னரே அணியத்தின் வளைவை முடிவு செய்தனர். அறுந்தால் தாமே கட்டக்கூடிய கயிற்றையே பயன்படுத்தினர். கலத்தை முதலில் அறிந்து, கடலை அடுத்து அறிந்து, அதன்பின்பே கருவியைத் தேர்ந்தனர். நிபுணர்களும் அரசாங்கங்களும் பலமுறை இவ்வரிசையைத் தலைகீழாக்கி, கருவியை முதலிற் கொண்டுவந்தனர். அதன் விலையைக் கடனாகச் சுமந்தவர் மீனவர்.

நாளை ஒரு சம்மாட்டியார் தம் படகுக்கு இயந்திரம் வாங்கப் புறப்படும்போது, கடைக்காரரிடம் 'எத்தனை குதிரைவலு?' என்று கேட்குமுன், தம் படகின் பின்பலகையருகே சற்று நின்று அதனை அளந்து பார்ப்பாராயின், எழுபது ஆண்டு அனுபவம் வீண்போகவில்லை என்று நாம் மகிழலாம்.