பலாலி ஓடுபாதை: இந்திய–இலங்கை இணக்கத்தின் யாழ்ப்பாணப் பக்கம்

1947 டிசம்பர் 10ஆம் நாள் எயார் சிலோன் தன் முதற் பறப்பைத் தொடங்கியது. இரத்மலானையிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட அந்த டக்கோட்டா விமானம் வழியில் பலாலியில் இறங்கிச் சென்றது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியர் போட்ட ஓடுபாதை, போர் முடிந்ததும் சென்னைக்குப் போகும் படலையாயிற்று.

இந்திய–இலங்கை உறவின் வரலாற்றைக் கொழும்பிலும் புதுடில்லியிலும் ஒப்பமிட்ட தாள்களைக் கொண்டு எழுதுவதே வழக்கம். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், கச்சதீவை இலங்கையின் பக்கம் விட்ட 1974ஆம் ஆண்டு உடன்பாடு, மன்னார் வளைகுடா எல்லையை வரைந்த 1976ஆம் ஆண்டு உடன்பாடு என்று அந்த வரிசை போகும். அவற்றைப் பேச்சுவார்த்தையின் வெற்றிகள் எனச் சொல்வது தவறல்ல. ஆனால் அந்தத் தாள்களில் எதிலும் யாழ்ப்பாணத்தாரின் கையெழுத்து இல்லை. அதனால் இக்கட்டுரை உறவின் ஏற்ற இறக்கத்தைப் பலாலியில் நின்று பார்க்கிறது.

இரு அரசுகளும் ஒன்றோடொன்று போர் அறிவித்ததில்லை. அதற்கு மிக நெருங்கி வந்தது 1987 ஜூன். வடமராட்சியில் இலங்கைப் படையினர் 'ஒப்பரேஷன் லிபரேஷன்' நடத்திக்கொண்டிருந்தனர். ஜூன் 3ஆம் நாள் இந்தியா நிவாரணப் பொருள்களுடன் அனுப்பிய 19 படகுகளை இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பியது. மறுநாள் பிற்பகல், மிராஜ் போர் விமானங்கள் காவல்வர, ஐந்து அன்ரனோவ் விமானங்கள் குடாநாட்டின்மேல் ஏறத்தாழ 25 தொன் பொருள்களைப் பரசூட்டில் இறக்கின. நடவடிக்கைக்குப் பெயர் 'பூமாலை'. கொழும்பு அதை இறைமை மீறல் என்றது. யாழ்ப்பாணத்தில் மக்கள் வீதிக்கு வந்து வானத்தைப் பார்த்துக் கையசைத்தார்கள்.

எட்டு வாரம்கூடக் கழியவில்லை. ஜூலை 29ஆம் நாள் ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜெயவர்த்தனாவும் கொழும்பில் உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். மாகாண சபை, வடக்கு–கிழக்கு இணைப்பு, தமிழுக்கு ஆட்சிமொழித் தகுதி ஆகியவை அதில் இருந்தன. ஆயினும் அத்துடன் பரிமாறப்பட்ட கடிதங்களையே முதலில் படிக்க வேண்டும் என்பேன். திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் படைத்துறைக்கும் விடுவதில்லை. அங்குள்ள எண்ணெய்க் குதங்களை இரு நாடுகளும் சேர்ந்து சீரமைப்பது. அயல்நாட்டு வானொலிகளுக்குக் கொடுத்த வசதிகளை மீளாய்வு செய்வது. இரு தலைநகரங்களும் ஒன்றிடமிருந்து மற்றொன்று எதை எதிர்பார்த்தன என்பது அந்தக் கடிதங்களில் ஒளிவுமறைவின்றித் தெரிகிறது.

அடுத்த நாளே இந்திய அமைதி காக்கும் படை பலாலியில் வந்திறங்கியது. 'இந்தியன் ஆமி'யை மாலைபோட்டு வரவேற்றவர்கள் அதே ஆண்டு ஒக்ரோபரில் அதே படையின் ஷெல்லுக்கு அஞ்சிக் கோயில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் ஒதுங்கினார்கள். ஒக்ரோபர் 21, 22ஆம் நாள்களில் யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் நோயாளரும் மருத்துவரும் தாதியருமாக ஏறத்தாழ 70 பேர் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ 1,200 வீரர்களை இழந்த இந்தியா 1990 மார்ச்சில் வெளியேறியது. 1991இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் கொல்லப்பட்ட பின் புதுடில்லி நெடுங்காலம் இந்தப் பக்கம் நேரடியாகக் கைவைக்கவில்லை. அரசுகளுக்கிடையிலான உறவோ அதனால் கெடவில்லை. 1998இல் சுதந்திர வர்த்தக உடன்படிக்கையும் ஒப்பமாயிற்று.

2009இல் உள்நாட்டுப் போர் முடிந்த பின் இந்தியா திரும்பி வந்தபோது கையில் சீமெந்தும் தண்டவாளமும் இருந்தன. 2010இல் யாழ்ப்பாணத்தில் துணைத் தூதரகம். பின் வடக்கு, கிழக்கில் வீடமைப்புத் திட்டம். இந்திய நிறுவனமான இர்கோன் பாதையை மீளமைக்க, 1990இல் நின்ற யாழ்தேவி ரயில் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தையும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறையையும் தொட்டது. அதே ஆண்டு மார்ச்சில் நரேந்திர மோடி வந்தார். யாழ்ப்பாணம் வந்த முதல் இந்தியப் பிரதமர் அவர்தான்.

2019 ஒக்ரோபர் 17ஆம் நாள் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 40 ஆண்டுகளின் பின் சென்னையிலிருந்து பயணிகள் விமானம் இறங்கியது. கொரோனாவால் நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டது. பெரிய முன்னேற்றம் என்று இதைக் கொண்டாடினார்கள். 1947இல் இருந்ததைத்தான் திரும்பப் பெற்றோம் என்பது என் கணக்கு. விமான நிலையத்தைச் சூழ உள்ள நிலத்துக்குச் சொந்தக்காரர் பலர் 1990 ஜூனில் போரால் எழும்பிப் போன வலிகாமம் வடக்கு மக்கள். படையினரிடமிருந்து காணி விடுவிப்பு எந்த இருதரப்பு உடன்பாட்டின் பொருளுமல்ல.

கடலில் இணக்கம் இன்னும் பிடிபடவில்லை. 2016இல் மீனவர் சிக்கலுக்குக் கூட்டுப் பணிக்குழு அமைந்தது. 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. இருந்தும் தமிழ்நாட்டு றோலர்கள் கடலுக்கு வரும் இரவுகளில், வலை அறுந்துபோகுமென்று பயந்து குடாநாட்டு மீனவர் பலர் படகை இறக்குவதில்லை. சண்டை தமிழனுக்கும் தமிழனுக்கும் இடையே. தீர்வு பேசுவது டில்லியும் கொழும்பும்.

2023 ஒக்ரோபர் 14ஆம் நாள் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் வந்தது. சில நாளில் நின்று, 2024 ஓகஸ்டில் வேறொரு கப்பலுடன் தொடங்கியது. நான்கு மணி நேரப் பயணம். றோலர்களும் அதே நாகப்பட்டினத்துக் கரையிலிருந்து புறப்படுகின்றன. அவற்றுக்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை.