மிச்சப் பெயிண்ட்

மேலே க்ரீம். அதற்குக் கீழே பாட்டில் பச்சை. அதற்கும் கீழே வெள்ளி. அடியில் செங்காவி பிரைமர். ஜனக்புரி வீட்டு மாடியில் நாற்பது வருஷத்துக்கு மேல் வெயிலில் கிடந்த இரும்புக் குழாய் நாற்காலியை அரை மணி நேரம் உப்புத்தாளால் தேய்த்ததில் இத்தனையும் வெளியே வந்தது. தாளைத் தண்ணீரில் நனைத்துத்தான் தேய்த்தேன். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சுகளின் தூளைப் பேத்தி மூச்சில் இழுக்க வேண்டாம்.

டெல்லி வளர்ச்சி ஆணையம் எழுபதுகளில் எழுப்பிய காலனி இது. டி.டி.ஏ. ஃப்ளாட்டில் குடியேறிய எங்களைப் போன்ற அரசு ஊழியர் வீடுகளில் மாடிக்கென்று யார் சாமான் வாங்கினார்கள்? பக்கத்து மாயாபுரியில் ஒரு பட்டறையில் குழாயை வளைத்து, வெல்டு வைத்து, வெள்ளி பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். ஒயர் பின்னியது நான்.

பச்சை, கூலரின் தயவு. ஏப்ரல் பிறந்தால் டெல்லியில் வீட்டுக்கு வீடு அந்தச் சடங்கு நடக்கும். தகரக் கூலரைத் திறந்து, துருவைச் சுரண்டி, புதுக் 'காஸ்' என்கிற நார்த் தட்டி மாற்றி, வெளியே எனாமல் அடிப்போம். டப்பாவில் மிஞ்சியது நாற்காலிக்கு. க்ரீம், ஸ்கூட்டரின் தயவு. டென்டிங்-பெயின்டிங் கடைப் பையன், ஸ்கூட்டருக்கு அடித்தது போகப் பெயிண்ட் துப்பாக்கியில் மீதமிருந்ததை நாற்காலிக்கு அடித்துவிட்டு, "டூகோ ஹை, மாதாஜி!" என்றான், ஏதோ தங்க முலாம் பூசியவன் மாதிரி. டூகோ என்பது அமெரிக்காவின் டுபான்ட் கம்பெனி 1920களில் கார்களுக்காகக் கொண்டுவந்த பெயிண்டின் பெயர். காயவே பல நாள் பிடித்த கார்ப் பூச்சை அது சில மணி நேர வேலையாக்கியது. பீரோவுக்கு அடித்தாலும் நமக்கு அது டூகோதான்.

ஆக, இந்த நாற்காலிக்கென்று யாரும் ஒரு நிறத்தைக் காசு கொடுத்து வாங்கியதில்லை. போன மாதம் பேத்திதான் முதலில் வாங்கினாள்: மயில் நீலம், மஞ்சள், இரண்டு ஸ்ப்ரே டப்பா. அழுத்தினால் பீய்ச்சும் டப்பாவை 1920களில் யோசித்தவர் நார்வேக்காரர் எரிக் ரோத்ஹைம். அதில் பெயிண்டை அடைத்தவர் இல்லினாயின் எட்வர்ட் சீமோர், 1949இல். யோசனை சொன்னது அவர் மனைவி. அவர்கள் முதலில் அடைத்தது ரேடியேட்டருக்குப் பூசும் அலுமினிய நிறம். எங்கள் நாற்காலி கட்டிக்கொண்டு வந்த அதே வெள்ளி!

உடம்பு முழுக்க நீலம் காய்ந்ததும், என் மாமியாரின் ஓட்டைக் கோல அச்சை முதுகுத் தகட்டில் வைத்து மஞ்சளைப் பீய்ச்சச் சொன்னேன். முதல் தடவை கிட்டத்தில் பிடித்துவிட்டாள். புள்ளிகள் வழிந்து தாமரை தவளையாகிவிட்டது. துடைக்க விடவில்லை. தவளையே இருக்கட்டுமாம். ஒரு சாண் தள்ளிப் பிடித்த பிறகு கைப்பிடிகளில் புள்ளி தெளிவாக விழுந்தது. ஒரு கால் மட்டும் முழு மஞ்சள். காரணம் கேட்டால் சிரிக்கிறாள்.

எதிர் வீட்டுப் பஞ்சாபி அம்மா படியேறி வந்து தவளையை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு டப்பாவைக் காதருகே குலுக்கிப் பார்த்து, நீலம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். அவள் வீட்டுக் கூலர் ஸ்டாண்டு துருப்பிடித்துக் கிடக்கிறதாம்.